ஆண்டர்சன் துப்பாக்கியும் அண்ணியின் ராகிக் கொல்லையும்

தேன்கனிக்கோட்டை பக்கத்தில் துப்பாக்கி என்று சொன்னால் இரண்டு வகைதான். ஒன்று நாட்டுத் துப்பாக்கி. குழல் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை வைத்துக் குச்சியால் கிட்டித்து, மேலே ரவையைப் போட்டு மறுபடியும் கிட்டிப்பது. இன்னொன்று தொரை துப்பாக்கி. பித்தளைத் தோட்டா போட்டுச் சுடுகிற ரைபிளுக்கு எங்க ஊர்ப் பெரியவர்கள் வைத்த பேர் அது. முதல் வகை ஒரு காலத்தில் ஊருக்கு நாலைந்து இருந்தது. ரெண்டாவது வகையில் ஒன்றே ஒன்றைத்தான் நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். எங்க பெரியப்பா வீட்டு வின்செஸ்டர்.

அதற்கு இப்போது வாரிசு அண்ணன் மகன். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். லீவு நாளில் கொல்லைக்கு வந்து அம்மாவுக்கு உதவி செய்வான். நல்ல பையன். "சித்தப்பா, இதுக்கு என்ன சைட் போடலாம்? தோட்டா எது வாங்கலாம்?" என்று மூணு மாசமாக என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

கேள்வி சின்னது. பதில் சொல்லப் போனால் காடு, சட்டம், கம்பெனி பஸ் என்று எங்கெல்லாமோ போகிறது. காட்டு ஓரத்தில் ஒரு விவசாயி வீட்டில் துப்பாக்கி இருந்தால் அதை வைத்து என்ன செய்யலாம், என்ன செய்ய முடியாது என்று பட்டணத்தில் இருக்கிற நீங்களும் தெரிஞ்சுக்கணும். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

பெரியப்பா தளி ரோட்டில் ஒரு பெங்களூர்க்காரர் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தார். தோட்டக்காரர் 1960களின் கடைசியில் எல்லாவற்றையும் விற்றுவிட்டு வெளிநாடு போனார். போகும்போது துப்பாக்கியைப் பெரியப்பாவுக்கு விலைக்குக் கொடுத்தார். லைசென்ஸுக்காக தர்மபுரிக்கு எத்தனையோ நடை நடந்ததாகப் பெரியப்பா சொல்லுவார். அப்போது எங்க பகுதி தர்மபுரி மாவட்டம். 1965க்கு முன்னால் சேலம் மாவட்டம். கிருஷ்ணகிரி மாவட்டம் 2004ல்தான் வந்தது. ஆக, பெரியப்பா கைக்கு வரும்போதே அது பழைய துப்பாக்கி. அவருக்குப் பிறகு அண்ணன் பேருக்கு லைசென்ஸ் மாறியது. போன தை மாசம் அண்ணன் போய்ச் சேர்ந்தார்.

லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. தாமதம் செய்யாமல் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், 21ஆவது பிரிவு. காரியம் முடிந்ததும் நானும் பையனும் சேலத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்கினோம். அதன் பிறகு நாங்கள் அதைப் பார்த்ததெல்லாம் கடைக்காரர் மேஜைமேல்தான்.

பையனுக்கு அதன்மேல் அவ்வளவு மயக்கம் வரக் காரணம் கென்னத் ஆண்டர்சன். பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1910ல் பிறந்து 1974ல் பெங்களூரில் இறந்தவர். ஸ்காட்லாந்து வம்சம். கன்னடமும் தமிழும் பேசுவார். ஆட்கொல்லிப் புலி, சிறுத்தைகளைச் சுட்ட கதைகளைப் புத்தகமாக எழுதினார். முதல் புத்தகம் 1954ல் வந்தது. அதில் ஒரு கதை ஜவளகிரி ஆட்கொல்லி, இன்னொன்று கும்மளாபுரம் சிறுத்தை. பின்னால் வந்த புத்தகத்தில் சிவனிபள்ளி கருஞ்சிறுத்தை. எல்லாம் எங்க தாலுகா ஊர்கள். நாங்கள் ராகி மூட்டை ஏற்றிப் போகிற வழியில் இருக்கிற ஊர்கள், லண்டனில் அச்சான புத்தகத்தில்! பையன் போனில் படித்துக் காட்டும்போது எனக்கே சிலிர்த்தது.

அந்த ஆண்டர்சன் கையில் இருந்தது வின்செஸ்டர் .405 ரைபிள். எங்க பெரியப்பா வீட்டில் இருந்ததும் அதே மாடல், அதே அளவு. பையனைச் சொல்லிக் குற்றமில்லை.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சைட், தோட்டா ரெண்டுக்கும் அதுதான் அடிப்படை.

விசைக்குக் கீழே, விரல்கள் நுழைகிற மாதிரி ஒரு இரும்பு வளையம் இருக்கும். அதுதான் லீவர். அதைக் கீழே தள்ளினால் உள்ளே இருக்கிற போல்ட் பின்னால் வரும், சுட்ட காலித் தோட்டா வெளியே தெறிக்கும், குதிரை பின்னால் சாய்ந்து நிற்கும். லீவரை மேலே இழுத்தால் அடுத்த தோட்டா குழலுக்குள் போகும். துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுக்காமலே இதைச் செய்துவிடலாம். பழைய லீவர் துப்பாக்கிகளில் தனியாகப் பூட்டு கிடையாது. குதிரையைப் பாதி வரைக்கும் இழுத்து நிறுத்தி வைப்பதுதான் பாதுகாப்பு. கை வழுக்கினால் போச்சு. பெரியப்பா அதைச் செய்யும்போது பக்கத்தில் ஒருத்தரையும் நிற்க விட மாட்டார். துடைக்கும்போது எண்ணெய்த் துணி பிடித்தவன் நான். அந்த ஒரு நிமிஷம் மட்டும் என்னையும் வாசலுக்குப் போகச் சொல்லுவார்.

சாதாரண லீவர் துப்பாக்கியில், உதாரணத்துக்கு வின்செஸ்டரின் 1894 மாடலில், தோட்டாக்கள் குழலுக்கு அடியில் இன்னொரு குழாயில் வரிசையாகப் படுத்திருக்கும். ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அந்தப் பின்புறத்தில்தான் கேப்பு இருக்கிறது. கூர்மூக்குத் தோட்டாவைப் போட்டால், சுடும்போது வருகிற உதையில் அந்த மூக்கு முன்னால் இருக்கிற கேப்பைக் குத்தி, குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். அதனால் அந்த மாதிரித் துப்பாக்கிக்கு மழுங்கின மூக்குத் தோட்டாதான் வாங்கணும். பழைய லீவர் துப்பாக்கி வாங்குகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

எங்க வீட்டு 1895 மாடலில் அந்தத் தொல்லை இல்லை. ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கர் வடிவமைத்தது. தோட்டாக்கள் விசைக்கு முன்னால் ஒரு பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும். பெரிய தோட்டா போட வழி கிடைத்ததே அதனால்தான். .405 தோட்டா 1904ல் இந்த மாடலுக்காகவே வந்தது. ஈயத்தின் எடை 300 கிரெய்ன், நம்ம கணக்கில் 19 கிராமுக்கு மேல். நொடிக்கு 670 மீட்டர் வேகம். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரூஸ்வெல்ட் 1909ல் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்குப் போனபோது கொண்டுபோனதும் இதே துப்பாக்கிதான்.

இப்போது சைட்டுக்கு வருகிறேன். பையன் ஆசைப்பட்டது ஆன்லைனில் பார்த்த டெலஸ்கோப். அதைச் சொன்னதும் கடையில் வேலை பார்க்கிற பெரியவர் சிரித்துவிட்டார்.

"தம்பி, இந்த மாடலுக்குத் தோட்டா மேல இருந்து போடணும். காலித் தோட்டாவும் மேல்பக்கமாத்தான் வரும். அந்த வழியை அடைச்சு டெலஸ்கோப் மாட்டினா எந்த வழியாப் போடுவே?"

உண்மைதான். மாட்டியே ஆகணும் என்றால் பக்கவாட்டில் துளை போட்டு, ஓரமாகத் தள்ளி மாட்டணும். நூறு வருஷ இரும்பில் துளை போட்டால் அதன் மதிப்பே போய்விடும். அதோடு, இந்தத் துப்பாக்கியின் கட்டை தாழ்வாக இருக்கும். கன்னத்தை வைத்தால் கண் சரியாகக் குழல் மட்டத்துக்கு வரும். டெலஸ்கோப் வைத்தால் கன்னம் அந்தரத்தில் நிற்கும். .405 உதைக்கிற உதைக்கு, கன்னம் ஊன்றாமல் சுட்டால் பல்லுக்கு உத்தரவாதம் இல்லை என்றார் பெரியவர்.

அப்போ மிச்சம் இருப்பது ரெண்டு வழி. ஒன்று, அதிலேயே இருக்கிற சைட். குழல்மேல் பின்பக்கம் வி மாதிரி ஒரு வெட்டு, முனையில் ஒரு சின்ன மணி. வெட்டுக்குள் மணி, மணிக்கு மேலே குறி. கண் ஒரே நேரத்தில் மூன்று தூரங்களைப் பார்க்க வேண்டும்: கைக்கெட்டும் தூரத்தில் வெட்டு, அதற்கு அப்பால் மணி, ஐம்பது கஜத்தில் குறி. இளவட்டத்துக்குச் சரி. நாற்பத்தைந்து தாண்டினால் பின்வெட்டு பஞ்சு மாதிரித் தெரியும். அண்ணனுக்குக் கடைசிப் பத்து வருஷமாகத் தெரிந்ததே இல்லை.

இன்னொன்று பீப் சைட். போல்ட்டுக்குப் பின்னால், கண்ணுக்குக் கிட்டத்தில் ஒரு துளை. அந்தத் துளை வழியாக மணியைப் பார்த்தால் போதும். துளையை நாம் கவனிக்கவே வேண்டாம், கண் தானாகவே நடுவுக்குப் போய்விடும். அமெரிக்காவில் லைமன் கம்பெனி இந்த மாடலுக்கென்றே இப்படி ஒன்று செய்து விற்றது. இதில் என்ன சூட்சுமம் என்று வீட்டிலேயே பார்க்கலாம். படிக்கிற கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு அட்டையில் ஊசியால் துளை போட்டு, அந்தத் துளை வழியாகப் பேப்பரைப் பாருங்க. மங்கலாக இருந்த எழுத்து தெளிவாகும். துளை சின்னதானால் கிட்டம், தூரம் ரெண்டும் ஓரளவு தெளிவாகத் தெரியும். ஆனால் வெளிச்சம் குறையும். அதனால் காட்டுக்குப் பெரிய துளை, காகிதக் குறிக்குச் சின்னத் துளை என்று சொல்லுவார்கள்.

குறி பிசகினால் சரிசெய்யவும் ஒரு கணக்கு உண்டு. குண்டு இடதுபக்கம் போனால் பின்சைட்டை வலதுபக்கம் நகர்த்தணும். கீழே போனால் பின்சைட்டை உயர்த்தணும். குண்டு எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் பின்சைட். முன்மணிக்கு இதுவே தலைகீழ். எங்க அப்பா நாட்டுத் துப்பாக்கிக்கு இதெல்லாம் கிடையாது. இருட்டில் தெரியட்டும் என்று மணிமேல் ஒரு பொட்டு சுண்ணாம்பு வைப்பார், அவ்வளவுதான். ஆண்டர்சன் குழலோடு டார்ச் லைட்டைக் கட்டி வைத்து மரத்துமேல் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார். வெளிச்சம் மணிமேலும் விழும், மிருகத்தின் மேலும் விழும்.

அப்புறம் தோட்டா. அண்ணன் பெட்டியில் பதினொன்று இருந்தது. பெரியவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒன்றில் பித்தளைக் கழுத்து விரிசல். இன்னொன்றில் கேப்பைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. ரெண்டையும் தள்ளி வைத்தார். மீதி ஒன்பது பார்வைக்கு நல்லா இருந்தது. பார்வைக்கு நல்லா இருந்தாலும் பழைய தோட்டா பழைய தோட்டாதான் என்றார். விசையை இழுத்ததும் வெடிக்காமல், கொஞ்சம் பொறுத்து வெடிப்பது உண்டு. அதனால் வெடிக்கவில்லை என்றால் உடனே லீவரைத் திறந்துவிடக் கூடாது. குழலைப் பத்திரமான பக்கம் பார்த்தபடி அரை நிமிஷமாவது பிடித்துக்கொண்டே நிற்கணும். சுட்ட அன்றைக்கே குழலைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி எண்ணெய் போடணும். அந்தக் காலத்துக் கேப்பில் இருக்கிற உப்பு ராத்திரியோடு ராத்திரியாக இரும்பைத் தின்ன ஆரம்பித்துவிடும்.

புதுசு வாங்கலாமா என்றால், நம்ம நாட்டு அரசு ஆலைகளில் பொதுமக்கள் ரைபிளுக்கு வருவது .315, .30-06, .22 இப்படித்தான். .405 செய்வதில்லை. யாராவது பழைய இருப்பை விற்றால்தான் உண்டு. "கிட்டத்தட்ட இதே அளவு" என்று வேறு எதையும் போட்டுப் பார்க்கவே கூடாது. காலிப் பித்தளையில் நாமே மருந்து அடைத்துக்கொள்ளலாம் என்றால் அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும்.

தோட்டாவிலும் ரெண்டு ஜாதி. மென்மூக்கு ஒன்று, முழுக்கக் கவசம் போட்டது ஒன்று. மென்மூக்குத் தோட்டாவின் நுனியில் ஈயம் வெளியே தெரியும். உடம்பில் பட்டதும் காளான் மாதிரி விரிந்து, தன் வேகத்தை உள்ளேயே செலவழிக்கும். புலி, சிறுத்தைக்கு அதைத்தான் போட்டார்கள். கவசத் தோட்டா விரியாமல் நேராகத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். அது யானை, காட்டெருமை மாதிரித் தோல் தடித்த பெரிய மிருகங்களுக்கு. அண்ணன் பெட்டியில் இருந்தது மென்மூக்கு.

"அப்போ பன்னிக்கு இது சரியாத்தானே சித்தப்பா இருக்கும்?" என்றான் பையன்.

இங்கேதான் நான் அவனிடம் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேச வேண்டியிருந்தது. சேலத்திலிருந்து தர்மபுரி வரைக்கும் பஸ்ஸில் பேசினேன்.

மென்மூக்கு விரிவது மிருகத்தின் மேல் பட்டால்தான். படாமல் போனால்? ரைபிள் குண்டு இரண்டு கிலோமீட்டர் தாண்டியும் போகும். ஆண்டர்சன் காலத்தில் குறிக்குப் பின்னால் காடு இருந்தது. தவறின குண்டு மூங்கில் புதரிலோ, பாறையிலோ, மண்ணிலோ போய் அடங்கும். இப்போ எங்க கொல்லையில் நின்று நாலு பக்கமும் பாருங்க. மேற்கே காடு. கிழக்கே ரோஜா போட்டிருக்கிற பாலிஹவுஸ், அதற்குள்ளேயே குடியிருக்கிற வடநாட்டுக் குடும்பங்கள். வடக்கே புது லேஅவுட், கல் நட்டு வீடு ஏறிக்கொண்டிருக்கிறது. தெற்கே ரோடு. ராத்திரி பத்து மணிக்கும், விடியக்காலை நாலு மணிக்கும் அந்த ரோட்டில் கம்பெனி பஸ் வரிசையாகப் போகும். 1970களில் சிப்காட் வந்தபோது ஓசூர் வேறே, எங்க ஊர் வேறே. இப்போ கெலமங்கலம் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் வந்த பிறகு, காட்டு ஓரத்தில் ராத்திரி முழுக்க ஆள் நடமாட்டம். அந்த பஸ்ஸில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு போகிற பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் இருபது வயசு தாண்டாதவர்கள்.

"பன்னி வர்றது ராத்திரி. நீ மணியையும் துளையையும் நேரா வெச்சுட்டே. சரி. பன்னிக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு எந்த சைட்டுல பார்ப்பே?" என்று கேட்டேன்.

அவன் பதில் பேசவில்லை. அவனே ராத்திரி ஷிப்ட் முடித்து அந்த ரோட்டில் பைக்கில் வருகிறவன்.

இதைச் சும்மா பயமுறுத்தச் சொல்லவில்லை. சில வருஷத்துக்கு முன்னால் பக்கத்துக் கிராமத்தில் ஒருத்தர் தன் கடலைக்காட்டுக்குக் காவல் இருந்தார். குனிந்து குளிர்காய நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தவரை, யாரோ லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியில் பன்றி என்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள். தொடையில் மூன்று பால்ரஸ். சைக்கிள் வீலுக்குள் இருக்குமே, அந்த இரும்புக் குண்டு. எங்க பக்கத்தில் ரவைக்குப் பதில் அதைத்தான் போடுவார்கள். பால்ரஸ் என்பதால் ஆள் பிழைத்தார். இன்றைக்கும் ஏர் ஓட்டும்போது ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் வைக்கிறார். அதே இடத்தில் .405 என்றால் தொடை எலும்பே இருந்திருக்காது.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவு பேசுவது வாய் வழியாக மருந்து கிட்டிக்கிற துப்பாக்கியைத்தான். அது போதாது என்று அதிகாரிக்குப் பட்டால் வழவழப்பான குழல் உள்ள வேறு துப்பாக்கிக்குக் கொடுக்கலாம். உள்ளே மரை வெட்டிய ரைபிள் அந்தக் கணக்கிலேயே வராது. அப்படிப் பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் இருந்தாலும் அது துப்பாக்கி வைத்துக்கொள்ளத்தான். மிருகத்தைச் சுட 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும். என்னிடம் அப்பா வழி வந்த நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கிறது. ரவை போட்டுப் பதினெட்டு வருஷம் ஆகிறது. வெறும் மருந்தும் நாரும் போட்டுச் சத்தத்துக்கு மட்டும் வெடிப்பேன். தேர்தல் வந்தால் அதையும் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு, முடிந்ததும் போய் வாங்கி வரணும்.

கேரளாவில் 2022லிருந்து காட்டுப்பன்றியைச் சுட உத்தரவு போடும் அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கே கொடுத்திருக்கிறார்கள். நம்ம ஊரில் 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் ஒரு முறை அறிவித்தார்கள். காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடணும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறை ஆட்கள் சுடலாம். எங்க அண்ணி கொல்லைக்கும் காட்டுக்கும் நடுவில் ஒரு ஓடை, ஒரு புளியமரம். கால் கிலோமீட்டர்கூட இருக்காது. ஆக, எந்தக் கணக்குப் போட்டாலும் அந்த ரைபிளில் அந்தக் கொல்லைப் பன்றியைச் சுட வழியே இல்லை.

அதற்காக அண்ணியின் நஷ்டம் பொய்யாகிவிடாது. ராகி கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் பன்றிக் கூட்டம் ஒரு ராத்திரி புகுந்தால் அரை ஏக்கரைப் பாய் விரித்த மாதிரிப் படுக்க வைத்துவிட்டுப் போகும். தின்பதைவிட மிதிப்பது அதிகம். அண்ணன் இருந்தவரை பரண்மேல் அவர் படுப்பார். இப்போ பையன் ஷிப்டில் இருக்கிற ராத்திரிகளில் அண்ணி தனியாகத் தகரம் தட்டுகிறார். ஐம்பத்தெட்டு வயசு, முட்டிவலி. பையன் துப்பாக்கி துப்பாக்கி என்று அலைந்ததற்குப் பின்னால் இதுதான் இருந்தது. ஆண்டர்சன் கதை பாதி, அம்மா தனியாக இருக்கிறாளே என்ற கவலை பாதி.

இந்தக் கவலையில் சிலர் எளிதான வழி என்று வீட்டுக் கரண்ட்டைக் கம்பியில் விட்டுவிடுகிறார்கள். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கத்தில் அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன. பக்கத்தில் குட்டிகள் ரெண்டு தவித்துக்கொண்டு நின்றதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கம்பிக்கு யானை, பன்றி, மனுஷன் என்று வித்தியாசம் தெரியாது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அண்ணியிடம் சொன்னோம். அவர் முறத்தில் அவரை பொறுக்கிக்கொண்டே கேட்டார். கடைசியில், "அந்தத் துப்பாக்கி இந்த வீட்ல அம்பது வருஷத்துக்கு மேல இருந்துச்சு. அதுக்குப் பயந்து ஒரு பன்னியாவது வராம இருந்திருக்கா?" என்றார்.

பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. தாத்தா தொட்டது, அப்பா தொட்டது. வாரிசு என்று மனு போட்டால் அவன் பேருக்கு லைசென்ஸ் கேட்க வழி உண்டு. கேட்டு வாங்கி, ரைபிள் கிளப்பில் சேர்ந்து, காகிதக் குறியைச் சுடலாம். நான் அதையும் தப்பு என்று சொல்லவில்லை. அப்படிச் செய்வதானால் டெலஸ்கோப்பை மறந்துவிட்டு, இருக்கிற வி சைட்டை அப்படியே விட்டு, துளை போடாமல் மாட்ட முடிந்தால் பீப் சைட் வைத்துக்கொள் என்றேன். ஒன்பது தோட்டாவையும் சுடாதே, கடையிலேயே ஒப்படைத்துவிடு என்றும் சொன்னேன்.

இன்னொரு வழியும் இருந்தது. கடையில் ஒப்படைத்த துப்பாக்கியை, வாரிசு தன் பேருக்கு லைசென்ஸ் எடுக்காமலே, லைசென்ஸ் உள்ள இன்னொருவருக்கு விற்கலாம். அதே 21ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. இந்த மாடலைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று கடைப் பெரியவர் முன்னமே சொல்லியிருந்தார். துளை போடாத, மாற்றம் செய்யாத பழைய வின்செஸ்டர் என்றால் நல்ல விலைக்குப் போகுமாம். அந்தப் பணத்தில் சோலார் வேலி போடலாம். பேட்டரியிலிருந்து விட்டு விட்டு அடிக்கிற ஷாக். தொட்டால் உதறும், உயிர் போகாது. அதற்கும் வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும் என்று 2023ல் விதி வந்திருக்கிறது. பன்றிக்கு முழங்கால் உயரத்துக்குள் கீழ்க்கம்பிகள் நெருக்கமாக வரணும். வாரம் ஒரு தடவை அடியில் புல் வெட்டணும், இல்லாவிட்டால் புல் பட்டு கரண்ட் மண்ணில் இறங்கிவிடும்.

முடிவை அவனிடமே விட்டுவிட்டேன். அவன் நாலு நாள் ஒன்றும் பேசவில்லை. அஞ்சாவது நாள் ராத்திரி ஷிப்ட் முடித்து நேராக என் வீட்டுக்கு வந்தான். திண்ணையில் உட்கார்ந்து காபியைக் குடித்து முடித்த பிறகு, "வித்துடலாம் சித்தப்பா. வாங்கறவர் அதை நல்லா வெச்சுப்பாரான்னு மட்டும் கேளுங்க" என்றான்.

கேட்டேன். கோயம்புத்தூர் பக்கம் ஒரு ரிட்டையர்டு ஆபீசர் வாங்குகிறார். சுடும் எண்ணம் இல்லை, துடைத்து வைத்துக்கொள்ளத்தான் என்றாராம். வாரிசுச் சான்றிதழ் வந்துவிட்டது. மீதிப் பேப்பர் வேலை நடக்கிறது. அட்வான்ஸ் வந்ததும் கம்பமும் கம்பியும் இறக்கிவிட்டோம். கெலமங்கலத்திலிருந்து மெக்கானிக் வந்து எனர்ஜைசரைப் பொருத்திக் கொடுத்தார். பத்து நாளாகப் பன்றி ஓடைப் பக்கம் வந்து திரும்பிப் போகிற தடம் மட்டும் தெரிகிறது. அண்ணி ராத்திரியில் கொஞ்சம் தூங்குகிறார்.

இந்த வேலி பன்றிக்கு மட்டும்தான். பன்னர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி காட்டுக்குள் இறங்குகிற மாசம் இது. ராகி வாசனை பிடித்தால் சாணமாவு வரைக்கும் போகும். யானைக்கு இந்தக் கம்பி ஒரு பொருட்டே இல்லை. காய்ந்த மரத்தைத் தள்ளிக் கம்பிமேல் போட்டுவிட்டு உள்ளே நடந்து வரும். அதற்கு ஆள் கண்விழித்துத் தகவல் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. வனத்துறை ஆட்களின் நம்பர் எல்லார் போனிலும் இருக்கிறது. பரணுக்கு வீட்டுக்கு ஒருவர் என்று முறை போட்டிருக்கிறோம். பையன் தன் ஷிப்டைப் பார்த்து வாரத்தில் ரெண்டு நாள் எடுத்துக்கொண்டான். ஒரு நல்ல டார்ச் லைட் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.